பதினேழாம் புட்டி

கப்பல் துறைமுகம் விட்ட நாற்பத்தோராம் நாள்
கடல் என்னைத் தேடி வந்தது
பள்ளிக்கரணைக்கு, ஒரு மினி வேனில்,
சோடாக் கடைக்குப் போகிறாற்போல
பெட்டிக்கு இருபத்துநாலு புட்டியாக.

உடனே தொடக்கூடாது.
ஒரு பகல் ஓர் இரவு
அறைச் சூட்டில் நிற்கவிட வேண்டும்.
கடலுக்கும் பயண அலுப்பு உண்டு என்று
எங்கள் விதிப்புத்தகம் சொல்வதில்லை,
ஆனால் அதற்கு அதுதான் பொருள்.

பிறகு உப்புமானி.
மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு
நான்காம் முறை காட்டுவதை நம்பலாம்.

மேல்நீர், முப்பத்திரண்டு புள்ளி நாலு.
கங்கையும் ஐராவதியும் கொட்டிய நன்னீர்
அந்தமான் வரைக்கும் வந்தும் தீரவில்லை.
அடிநீர், முப்பத்தைந்துக்கு மயிரிழை குறைவு.
லேசானது மேலே, கனத்தது கீழே.
காற்று தலைகீழாய் நின்றாலும்
ஒன்றன் வாசலை மற்றது மிதிக்காது.

எங்கள் வீட்டின் தரைத்தளமும் மாடியும் அப்படித்தான்.
மோட்டார் யார் எப்போது போடுவது என்று தொடங்கி
மூன்று வருஷம் ஆகிறது.
மாடி புஷ்கலாவின் செருப்புச் சத்தம் தெரியும் எனக்கு.
குரல் மறந்துவிட்டது.

தணிகாசலம் கப்பலில் வின்ச் பார்க்கிறவர்,
திருவொற்றியூர்க்காரர்.
போர்ட் பிளேரில் சிக்னல் கிடைத்ததும்
குரல் பதிவு அனுப்பியிருந்தார்:

"ரெண்டு தீவுக்கு நடுவுல நிக்கிறோம் மேடம்.
காத்து இல்ல, கடல் கண்ணாடி.
திடீர்னு தூரத்துல ஒரு பட்டை,
எண்ணெயில கடுகு பொரியற மாதிரி
கொதிச்சிக்கினே வருது.
கப்பலத் தாண்டிப் போயிருச்சு.
டீ கூடச் சிந்தல.
ஆனா கீழ எறக்கின கம்பி
யாரோ புடிச்சு இழுத்த மாதிரி சாஞ்சுது.
எங்க கரையில
தெண்டி வெள்ளம், வன்னி வெள்ளம்னு
எல்லாத்துக்கும் பேரு இருக்கு.
இதுக்கு என்ன பேரு?"

உள்ளலை என்று தட்டச்சு செய்து, அழித்து,
நேரில் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.
நேரில் என்ன சொல்வேன்?
தீவிடுக்கில் ஓதம் புகும்போது
அடியில் கிடக்கும் மலைமுதுகு தடுக்குகிறது.
தடுக்கிய நீர் விழுந்து எழும்போது
உள்ளே எண்பது மீட்டர் உயரம்.
மேலே அதன் சுவடு
வெறும் ஒரு கடுகுப் பட்டை.
அலை எங்கோ உடைகிற இடத்தில்
அதுவரை பேசாத இரண்டு நீரும்
ஒன்றன் வாயில் ஒன்று நுழைகின்றன.

பதினேழாம் புட்டி அந்த நேரத்தது.
அறுபது மீட்டர் ஆழம்.
மேலும் இல்லை கீழும் இல்லை,
எந்த வரிசையிலும் உட்காராத ஓர் எண்.
மறுபடி அலசினேன். அதே எண்.
மூடி தளர்ந்து காற்றில் வற்றியிருக்கலாம்.
அடிநீரை அலை சும்மா தூக்கிக் காட்டிவிட்டு
இறக்கி வைத்திருக்கலாம்.
அல்லது நிஜமாகவே கலந்ததா?
ஒரு புட்டி சாட்சி போதாது.

அன்றிரவு பதினொன்றரைக்கு லாரி வந்தது.
ஓட்டுநர் குழாயைச் சம்பில் செருகினார்.
எங்கள் போர் தண்ணீர் உப்பு,
ஒருமுறை அளந்தும் இருக்கிறேன்.
அதன்மேல் லாரித் தண்ணீர் விழுந்த வேகத்தில்
எது எதுவென்று சொல்ல ஒரு நிமிஷம்கூட மிஞ்சவில்லை.
கடலுக்குத்தான் எவ்வளவு பாடு.

மாடிப்படியிலிருந்து டார்ச் வெளிச்சம்.
புஷ்கலா.
அவள் பார்த்தது தண்ணீர் மட்டத்தை,
என்னை அல்ல.
குழாய் நழுவப் பார்த்தபோது
வெளிச்சத்தை என் கைப்பக்கம் திருப்பினாள்.
பிறகு அணைத்துவிட்டுப் போனாள்.
அவ்வளவுதான்.

காலையில் படிவத்தைத் திறந்தேன்.
இரண்டு போட்டால் நல்ல எண்.
நாலு போட்டால் தள்ளுபடி,
யாரும் இனி அதைப் பார்க்க மாட்டார்கள்.
மூன்று என்றால் சந்தேகம்,
ஆனாலும் இருக்கட்டும்.

மூன்று போட்டேன்.

புட்டியில் மிஞ்சிய இரண்டு வாய்த் தண்ணீரை
கைகழுவும் தொட்டியில் ஊற்றினேன்.
சதுப்பு, ஒக்கியம் மடு, கோவளம் முகத்துவாரம்.
எப்போது போய்ச் சேருமோ.